தண்ணீர் பொம்மைக்கு அடங்காது

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ் பால் எடுத்த 'அட்லாண்டிஸ், த லாஸ்ட் காண்டினென்ட்' (1961) பார்த்தேன். கடைசியில் நகரம் மூழ்குவது, தொட்டியில் பொம்மையை முக்கியதுபோல இருந்தது. நண்பர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டோம். நாங்கள் குமரிக்கண்டம் பற்றிக் குறும்படம் எடுக்கிறோம். கடல்கோளைச் சின்ன செட் போட்டு மொபைலில் எடுப்பதாகத் திட்டம். குமரிக்கண்டம் உண்மை என்றே நம்பி எடுக்கலாமா? சுனாமியை நான் பார்த்ததில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும்.

கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம், கடலூர்

அன்புள்ள தம்பி,

தமிழர் வாழ்ந்த கண்டம் ஒன்று மூழ்கியதற்கு நிலவியலில் ஆதாரமில்லை. அட்லாண்டிஸ் என்ற தீவு ஒரு பகலிலும் ஓர் இரவிலும் மூழ்கியதாகக் கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ எழுதியதும் கதைதான். கதையென்று தெரிந்தே எடுங்கள், அதில் குறைவொன்றுமில்லை.

சிரித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குறை சொல்ல அந்தப் படத்தில் வேறு இடம் இருக்கிறது. அழிவுக் காட்சிகளில் 'குவோ வாடிஸ்' (1951) படத்தில் ரோம் எரியும் துண்டுகளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அது உங்கள் கண்ணில் படவில்லை. மீன் வடிவ நீர்மூழ்கியும், வெயிலைக் குவித்துச் சுடும் படிகமும், அடிமைகளை மிருகமாக்கும் அறையும் கொண்ட ஒரு கற்பனையை விட்டுவிட்டு, எவராலும் முழுதாக வெல்ல முடியாத ஒன்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்.

மரத்தைச் சிறிதாக்கலாம், கோபுரத்தைச் சிறிதாக்கலாம். தண்ணீர்த் துளி மட்டும் சிறிதாகாது. பரப்பு இழுவிசை அதைத் தன் அளவிலேயே பிடித்து வைத்திருக்கும். 25-இல் ஒரு பங்கு அளவில் நகரம் கட்டினால், 3 மில்லிமீட்டர் துளி திரையில் ஏழரை சென்டிமீட்டர் ஆகிவிடும். அலையிலிருந்து சாத்துக்குடி சாத்துக்குடியாகத் தெறித்தால் யார் நம்புவார்கள்? ஆகவே முடிந்த அளவு பெரிதாகக் கட்டுங்கள். பத்துத் தெரு வேண்டாம், ஒரு வாசலும் நான்கு தூணும் போதும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. செட் எத்தனை மடங்கு சிறியதோ, அதன் வர்க்கமூலத்தால் 24-ஐப் பெருக்குங்கள். சினிமா திரையில் ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம்; எடுத்ததை அந்த வேகத்தில்தான் ஓட்டவேண்டும். 25 மடங்கு சிறிது என்றால் நொடிக்கு 120 ஃப்ரேம். மொபைலில் 240 இருக்கிறதே என்று அதில் எடுக்காதீர்கள், தண்ணீர் தேன்போல மிதக்கும். ஷட்டர் 1/240 நொடி. டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும், படத்தில் பட்டை பட்டையாக ஓடும். காலை வெயிலில் எடுங்கள். வெயில் செட்டுக்குப் பின்னால் இருந்தால் சாரல் மின்னும். லென்ஸ் தரையிலிருந்து 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அந்த ஊரில் நிற்கும் ஆளின் கண் உயரம் அவ்வளவுதான். மேலே தூக்கினால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

தூணைச் சுத்தப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தால் கட்டையாகச் சாயும், நொறுங்காது. மணல் கலந்து வார்த்து, காய்ந்ததும் கோணல்மாணலாக நாலு துண்டாக உடைத்து, மைதாப் பசையால் லேசாக ஒட்டி நிறுத்துங்கள்.

தண்ணீரை எவ்வளவு உயரத்திலிருந்து விடுவது என்பதில்தான் எல்லோரும் தவறுவார்கள். ஒரு மீட்டர் மேலிருந்து கவிழ்த்தால், திரையில் அது மணிக்கு 80 கிலோமீட்டரில் பாயும் தண்ணீர், பீய்ச்சியடிப்பதுபோல இருக்கும். 25 சென்டிமீட்டர் போதும், 40 கிலோமீட்டர் வேகம் தெரியும். 20 லிட்டர் கேன் ஐந்தைத் தகரத் தொட்டியில் நிரப்பி, ஒரு பக்கப் பலகையை ஒரே இழுப்பில் உருவுங்கள். தண்ணீரின் வழியில் கொசுவலைத் துண்டு கட்டினால் துளி உடையும். பரப்பு இழுவிசை குறைய, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விடலாம். குமிழ் வந்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு பிடியுங்கள், குமிழும் சிறிதாகாது.

தெளிந்த தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. அடித்தரை தெரிந்தால் ஆழமில்லை என்று புரிந்துவிடும். வண்டல் கரையுங்கள். எவ்வளவு கரைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் உங்கள் ஊருக்குள் வந்த தண்ணீர் என்ன நிறம், முன்னால் எதைத் தள்ளிக்கொண்டு வந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சொன்னால், கலக்கும்போது அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் போதும் என்கிறவரை மண்ணைப் போடுங்கள்.

அன்புடன்.