தடைக்காலத்தில் வரும் கல்லூரிக் கட்டணம்

கடலூர் தேவனாம்பட்டினத்து அம்மாவுக்கு,

முதல் வேலையாக ஒன்று செய்யுங்கள். மகளின் கல்லூரி சீட்டுக்காக அந்தப் புரோக்கர் கேட்கும் 50,000 ரூபாய் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். மகளின் அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் அவர் கையில் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பி வாங்கிவிடுங்கள். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள். பொறியியல் கட்-ஆஃப் 141. உங்கள் பக்கத்திலும் வீட்டுக்காரர் பக்கத்திலும் இதுவரை பட்டப்படிப்பு படித்தவர் யாரும் இல்லை. சென்னைக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை 'டொனேஷன் குறைத்து' வாங்கித் தருவதாக அவர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அது மேனேஜ்மென்ட் கோட்டா சீட், அதாவது அரசுக் கவுன்சலிங் இல்லாமல் கல்லூரியே நிரப்பும் இடம். அதில் சேர்ந்தால் உங்கள் மகளுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய இரண்டு சலுகைகள் போய்விடும்.

முதலாவது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-இல் மருத்துவப் படிப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரை நீட்டித்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாக இடம் கிடைத்தால், அது தனியார் கல்லூரியாகவே இருந்தாலும், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கவுன்சலிங் கட்டணத்தையும் அரசே ஏற்கும். பொதுப் போட்டியில் 141-க்குக் கிடைக்காத கல்லூரி இந்தப் பிரிவில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. போன வருடம் 7.5 பிரிவில் எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணுக்குப் போனது என்று பார்த்து, விருப்பப் பட்டியலை நீளமாகப் போடச் சொல்லுங்கள். பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரும் தூரம்தான், அதைப் பட்டியலில் மறக்க வேண்டாம். இரண்டாவது, முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை. 7.5-இல் இடம் அமையாமல் பொதுக் கவுன்சலிங்கில் சேர்ந்தால் இது கைகொடுக்கும். புரோக்கர் வழியில் போனால் இரண்டுமே இல்லை.

எந்த வழியில் கல்லூரி சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கே வரும். நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய். அது அவளுடைய பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் உள்ள பணம். வீட்டுச் செலவில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் வாங்கப்போகும் கடனுக்கு வருகிறேன். ஒரு லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. நாலு வருடத்தில் வட்டி மட்டும் 1,44,000 ஆகிவிடும், முதல் அப்படியே நிற்கும். உங்கள் வீட்டு வருமானமும் ஒரே சீராக வருவதில்லை. வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணம் அரிசி பருப்புக்கே சரியாக இருக்கும். அந்த நாட்களில் நீங்கள் விற்கவும் மீன் வரத்து குறைவு. பிளஸ் டூ முடிவு வருவதும், கல்லூரி சேர்க்கை நடப்பதும், கட்டணம் கேட்பதும் சரியாக அதே மே, ஜூன் மாதங்கள்தான். கடலோர ஊர்களில் படிப்புக்காகக் கந்துவட்டிக்குப் போவது இந்த ஒரு காரணத்தாலேயே அதிகம். புரோக்கர்களுக்கும் இது தெரியும். கையில் காசில்லாமல், யாரைக் கேட்பது என்றும் தெரியாமல் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அவர்கள் வருகிறார்கள்.

"எங்களை மாதிரி குடும்பம் ஒரு தலைமுறையில் மேலே வர முடியுமா, இல்லை ஆசைப்படுவதே தப்பா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆசைப்படுவது தப்பே இல்லை, அம்மா. ஆனால் சுலபம் என்று உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன். பிறந்த வீட்டு நிலையைத் தாண்டிப் பிள்ளைகள் மேலே வர எந்த நாட்டில் எவ்வளவு வாய்ப்பு என்று உலகப் பொருளாதார மன்றம் 2020-இல் 82 நாடுகளை வரிசைப்படுத்தியது. இந்தியாவுக்கு 76-ஆம் இடம். டென்மார்க் முதலிடம். அங்கே பிள்ளைகள் புத்திசாலிகளாகப் பிறக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பள்ளி, வைத்தியம், வேலை போனால் கிடைக்கும் உதவி எல்லாம் அங்கே அப்பாவின் வருமானத்தை நம்பி இல்லை.

அவ்வளவு தூரம் போகாமல் நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் 1956-இல் தொடங்கி, 1962 முதல் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். அங்கே நிரந்தர வேலை கிடைத்த சாதாரணத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்ஜினியராகவும் டாக்டராகவும் ஆசிரியராகவும் வந்திருக்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், குடியிருக்கக் குவார்ட்டர்ஸ், நடந்து போகும் தூரத்தில் பள்ளி, உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி, ஓய்வு பெறும்போது கையில் ஒரு தொகை. இத்தனையும் ஒரே வீட்டுக்குச் சேர்ந்து கிடைத்தன. அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்தவர் வீட்டிலும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தும் நிரந்தர வேலை கிடைக்காதவர் வீட்டிலும் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை. இந்த வீடுகளில் அப்பாவுக்குக் கால் முறிந்தால் பிள்ளையின் படிப்பு நிற்கும், அந்த வீடுகளில் நிற்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வைத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஒரே நாளில் தோப்புகளைச் சாய்த்துவிட்டது. கன்று வைத்தால் காய்க்க மூன்று நான்கு வருடம், பழைய விளைச்சலைப் பார்க்க இன்னும் பல வருடம். சேமிப்போ மாதச் சம்பளமோ இருந்த வீடு அந்த இடைவெளியைத் தாங்கியது. மரத்தை மட்டும் நம்பியிருந்த வீடு கடனில் இறங்கியது. சுனாமி வந்த ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் எந்தக் கோர்ஸ், எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு முன்னால் நான் கேட்பது வேறு. இரண்டாம் வருடத்தில் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் இவள் படிப்பு நிற்குமா, தொடருமா? பெரிய பெயருள்ள கல்லூரியில் வட்டிப் பணத்தில் படிப்பதைவிட, நடுத்தரமான அரசுக் கல்லூரியில் கடனில்லாமல் படிப்பதே உங்கள் மகளுக்கு நல்லது. கடனோடு படித்து முடிக்கும் பிள்ளை கிடைத்த முதல் வேலையை, எவ்வளவு குறைந்த சம்பளமானாலும், பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கடன் இல்லாதவளுக்கு ஆறு மாதம் காத்திருக்க முடியும். போட்டித் தேர்வுக்குப் படிக்க முடியும். மேல்படிப்புக்கும் போக முடியும்.

பொறியியல் அமையாவிட்டால்? பெரியார் அரசு கலைக் கல்லூரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதம் இரண்டுக்கும் இப்போதே விண்ணப்பித்து வைக்கச் சொல்லுங்கள். நல்ல மதிப்பெண்ணோடு பி.எஸ்சி. முடித்து எம்.சி.ஏ. போனால் அவள் விரும்பும் கம்ப்யூட்டர் வேலைக்கு அதுவும் நேர்வழிதான். கலைக் கல்லூரி என்றால் மட்டம் என்று உறவுக்காரர்கள் பேசுவார்கள். பேசட்டும்.

பாண்டியில் இருக்கும் உங்கள் தங்கை வீட்டு முகவரியில் ரேஷன் கார்டு மாற்றி, அங்கே சீட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கின் ஒதுக்கீட்டுக்கு அங்கே வருடக்கணக்காகத் தொடர்ந்து குடியிருந்த சான்று வேண்டும். முள்ளோடை எல்லை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அது கிடைத்துவிடாது. பொய்ச் சான்று என்று பின்னால் தெரிந்தால் படிப்பின் நடுவில் சீட்டை எடுத்துவிடுவார்கள். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அதில் நாடு முழுவதிலிருந்தும் சேரலாம், பி.எஸ்சி. முடித்த பிறகு மேல்படிப்புக்கு அதை நினைவில் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தப்படுத்திய வரி மகனைப் பற்றியது. பத்தாவது முடித்தவனை அப்பாவோடு கடலுக்கு அனுப்பினால் அக்கா படிப்புச் செலவைச் சமாளிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கட்டணத்தை அரசு ஏற்கும்போது அவன் உழைப்புக்கு அவசியமே இல்லை. ஒரு பிள்ளையை நிறுத்தி இன்னொரு பிள்ளையை ஏற்றிவிடும் வீட்டில், பத்து வருடம் கழித்து அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேச முடியாத நிலை வருவதை நான் பார்த்திருக்கிறேன். சம்பாதிக்கும் அக்காவின் பாதிச் சம்பளம் தம்பி குடும்பத்தைத் தாங்கவே போகும்.

அவனுக்குப் படகு எஞ்சின் என்றால் உயிர் என்கிறீர்கள். அருமையான விஷயம். அரசு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக், ஃபிட்டர் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் அப்படியே இரண்டாம் ஆண்டு. நெய்வேலியில் அப்ரெண்டிஸ் எடுக்கிறார்கள். கடலை விட மனமில்லை என்றால், மத்திய அரசின் சிஃப்நெட் என்ற மீன்வளப் பயிற்சி நிலையத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் படகு செலுத்தும் பயிற்சியும் கப்பல் எஞ்சின் பயிற்சியும் அங்கே உண்டு. அந்தச் சான்றிதழோடு கடலுக்குப் போகிறவன் நிலை வேறு, பங்குக்குப் போகிறவன் நிலை வேறு. இதை வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு உடனே புரியும்.

அப்புறம், பணத்தைத் தவிர இன்னொன்றும் குறைவாக இருக்கிறது. விவரம் தெரிந்த ஆட்கள். பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவும் அமெரிக்காவில் முகநூல் நட்புகளை, சுமார் 2,100 கோடி நட்புகளை, வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் வந்தது. எந்த ஊரில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வசதியான வீட்டு நண்பர்கள் அதிகமோ, அந்த ஊரில் ஏழைப் பிள்ளைகள் பெரியவர்களாகி அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று கண்டார்கள். பள்ளியின் தரத்தைவிட இந்தத் தொடர்பு வலுவாக இருந்ததாம். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. இன்ஜினியர் வீட்டுப் பெண்ணுக்கு இன்டர்ன்ஷிப் எப்போது தேடுவது, எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடும். உங்கள் மகள் அதையெல்லாம் யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊரிலும் பக்கத்துக் குப்பங்களிலும் கல்லூரி முடித்து வேலையில் இருக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடியுங்கள். நீங்களே போய்ப் பேசுங்கள், மகளின் போனில் அவர்கள் நம்பர் இருக்கட்டும். மாவட்ட நிர்வாகம் நான் முதல்வன் திட்டத்தில் நடத்தும் 'உயர்வுக்குப் படி' முகாமுக்கும் அவளைக் கூட்டிப்போங்கள்.

கல்லூரி சேர்ந்த பிறகு முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவளுக்குப் பாடம் முழுக்க ஆங்கிலத்தில் வரும்போது, கணக்கில் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழலாம். "எனக்கு இது வராதும்மா, நின்னுடறேன்" என்று அழுவாள். அப்போது கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதிவிடலாம், நின்றுபோன படிப்பைத் தொடங்குவதுதான் கடினம். முதல் வருடம் தாண்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்வார்கள்.

கல்விக் கடன் தேவைப்பட்டால் வங்கிக்கே போங்கள். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, படிக்கும் காலமும் முடித்து ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் 7.5-இல் இடம் கிடைத்தால் இந்தப் பேச்சே வராது என்று நம்புகிறேன். மகளிர் குழுக் கடனையும் இதற்காக எடுக்க வேண்டாம். மீனவர் நல வாரிய அட்டை இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு அங்கே உதவி உண்டு, அட்டையைப் புதுப்பித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பம் போடும்போது மகள் உங்கள் போன் நம்பரைக் கொடுக்கட்டும், மையத்துக்காரர் நம்பரைக் கொடுக்க வேண்டாம். ஒதுக்கீட்டுச் செய்தி அந்த நம்பருக்குத்தான் வரும்.