தைக் கலியாணமும் ஆவணி ஒப்பரேசனும்

சாவகச்சேரியிலிருந்து 31 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு வருடமாக நெற்றியின் இரு மூலையும் மேலே ஏறிக்கொண்டு போகிறது. தையில் கலியாணம். சென்னைக்குக் கூட்டிப்போய் முடி நட்டுத் தர யாழ்ப்பாணம் டவுனில் ஒருவர் ஏற்பாடு செய்கிறாராம். ஆவணியில் செய்தால் கலியாணத்துக்குச் சரியாக இருக்கும், இந்தக் கிழமைக்குள் முற்பணம் கட்டினால் விலைக்கழிவும் உண்டு என்கிறாராம். கட்டலாமா என்பது கேள்வி. கடைசியில் இப்படி முடிக்கிறார்: "கிணற்றுத் தண்ணீரா பரம்பரையா தெரியவில்லை. அம்மாவுக்கும் நெற்றி அகலமாகிறது, புருவமும் கொட்டுகிறது. கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பிய பயோட்டின் விற்றமின் குளிசையை இருவரும் எடுக்கிறோம்."

கட்ட வேண்டாம், தம்பி.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். நட்ட முடி நட்டபடி நின்று வளர்வதில்லை. முதல் சில கிழமைகளில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், வேர் மட்டும் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் மெல்லிசாக முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் பிடிக்கும். ஆவணியில் நட்டால் தையில் மணவறையில் இருப்பது பாதி முளைத்த தலை. ஏற்பாட்டுக்காரர் இதைச் சொல்லவில்லை என்றால், ஒன்றில் அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தே மறைத்திருக்கிறார்.

அடுத்தது, பின்தலையிலிருந்து எடுத்து நட்ட முடி நிலைக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற உங்கள் சொந்த முடி நிலைக்கும் என்று யார் சொன்னது? வழுக்கை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போது அவசரப்பட்டு நட்டால், சில வருடத்தில் முன்னால் வேலி இருக்கும், பின்னால் வெறும் வளவு கிடக்கும். பின்தலையும் அள்ள அள்ளக் குறையாத கிணறு இல்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் சாதாரண வழுக்கைதான். ஓமோனுக்கு ஈடுகொடுக்க முடியாமல் முன்பக்க வேர்கள் சிறுத்து, ஒவ்வொரு தடவையும் முன்னையதைவிட மெல்லிய, குட்டையான முடியை வளர்க்கின்றன. நாளுக்கு 50 முதல் 100 முடி எல்லாருக்கும் உதிரும், ஆகவே சீப்பில் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பரம்பரை தாய்வழியிலும் வரும், தகப்பன்வழியிலும் வரும். கிணற்றை விட்டுவிடுங்கள். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல், தண்ணீர் வன்மையாகத்தான் இருக்கும். அது முடியைச் சொரசொரப்பாக்கும், வேரைச் சுருக்காது.

மருந்து இருக்கிறது. மினொக்சிடில் 5 வீதத் திரவம், காலையும் இரவும் 1 மில்லிலீற்றர், காய்ந்த தலையில். முதல் சில கிழமை முடி கூடுதலாகக் கொட்டும். அதில் பயந்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். நான்கு முதல் ஆறு மாதம் பொறுங்கள். நிறுத்தினால் வந்ததும் போய்விடும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பினாஸ்டரைட் 1 மில்லிகிராம் குளிசை வைத்தியர் எழுதித் தரவேண்டியது. சிலருக்குத் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும் என்பதால், கலியாணம் வைத்திருக்கிற நீங்கள் வைத்தியரோடு பேசாமல் தொடங்கக்கூடாது.

சரி, இந்த ஏற்பாட்டுக்காரர்கள். வட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் பார்த்து "3,000 வேர் போதும்" என்று விலை சொல்பவர் உங்கள் தலையைப் பார்க்கவில்லை, சட்டைப்பையைப் பார்த்திருக்கிறார். கத்தி பிடிக்கப்போவது யார், அவர் மருத்துவ சபையில் பதிந்த வைத்தியரா, முகத்தைக் காட்டிவிட்டு வேறு ஆட்களை விட்டுப் போய்விடுவாரா, ஊர் திரும்பிச் சீழ் பிடித்தால் யார் பார்ப்பது என்று கேட்டுப் பாருங்கள். பின்தலை முழுக்கப் புண்ணோடு என்னிடம் வந்த ஒரு பிள்ளை, அனுப்பி வைத்தவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை என்று அழுதது. வைத்தியர்களான எங்கள் பக்கமும் பிழை இல்லாமல் இல்லை. அரச கிளினிக்கில் விடியக் காத்திருப்பவருக்கு வைத்தியரிடம் கிடைப்பது சில நிமிடம். ஏற்பாட்டுக்காரர் தேத்தண்ணி கொடுத்து ஒரு மணித்தியாலம் கதைக்கிறார். சனம் அங்கே போகாமல் எங்கே போகும்?

இனி நான் பதறிய இடத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா. அவருடையதும் உங்களுடையதும் ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நெற்றிக்கரை மூலையில் மட்டுமல்லாமல் காதிலிருந்து காதுவரை ஒரு நாடாவைப்போலப் பின்வாங்கி, கூடவே புருவமும் போனால், அது பெரும்பாலும் வேறு நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்கி, வேர் இருந்த இடத்தைத் தழும்பாக்கிவிடும். அந்தத் தோல் வழுவழுவென்று மினுங்கும், பூனைமயிர்கூட இருக்காது. பழைய நெற்றியைவிட அந்தப் பட்டை வெளிறியிருக்கும். கரையோரம் கடி, எரிவு, வேரைச் சுற்றிச் சிவப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போன முடி திரும்பாது. மருந்தால் செய்யக்கூடியது போகிற இடத்தில் நிறுத்துவதுதான். அதனால்தான் இங்கே மாதங்களுக்குக் கணக்கு. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று ஒரு வருடம் போனால், அந்த ஒரு வருடத்து முடியும் போய்விட்டது. நிச்சயப்படுத்தச் சில வேளை சின்னத் துண்டுத் தோல் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். ஆண்களுக்கும் அரிதாக இது வருவதுண்டு, அப்போது கிருதாவும் தாடியும் சேர்ந்து குறையும். இந்த நோய் உள்ள தலையில் நட்டால் நட்டதையும் தின்றுவிடும். உங்கள் தலையை ஒருவர் நேரில் பார்க்காமல் காசு கட்டக்கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

புருவம் தைரொயிட் குறைந்தாலும் போகும், ஆகவே அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். பெரியம்மாவின் பயோட்டினை அதற்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள், அளவு கூடிய குளிசை தைரொயிட் முடிவைப் பிழையாகக் காட்டும். அதைக் குடிப்பதாக இரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் காட்டி, யாழ் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கி இருவரும் ஒரே நாளில் போங்கள், அம்மா முதலில். அவருடைய கலியாண அல்பத்திலிருந்து நெற்றி தெரிகிற படம் ஒன்று எடுத்துப் போங்கள். அன்று காலை தலைக்கு எண்ணெய் வேண்டாம். புருவத்துக்கு மை தீட்டாமல் வரச் சொல்லுங்கள்.