200 டிராக்மா நோட்டின் ஓவியர்

கேள்வி: ஐயா, என் சேகரிப்பில் 1996-ஆம் ஆண்டின் கிரேக்க 200 டிராக்மா நோட்டு ஒன்று இருக்கிறது. பின்பக்கம் ஒரு முதிய பாதிரியார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார். இதை வரைந்தவர் யார்? அவர் பழைய பாணிக்காரரா, நவீன ஓவியரா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நிகோலாவோஸ் கீசிஸ். ஓவியத்தின் பெயர் 'ரகசியப் பள்ளி', 1885-86-ல் வரைந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஆயுதம் தரித்த இளைஞன் ஒருவனும் பிள்ளைகளோடு பாடம் கேட்டுக்கொண்டிருப்பான். துருக்கியர் ஆட்சியில் கிரேக்க மொழியை ஒளித்துவைத்துக் கற்பித்தார்கள் என்பது அம்மக்களிடம் வழங்கிவந்த கதை. அப்படியொரு தடை இருந்ததற்குச் சான்று இல்லை என்று பிற்கால வரலாற்றாளர்கள் எழுதினார்கள். ஆனால் கீசிஸ் வரைந்து கொடுத்துவிட்ட காட்சியை மக்கள் மனத்திலிருந்து யாரால் அழிக்க முடியும்?

கீசிஸ் 1842-ல் கிரேக்கத்தின் தீனோஸ் தீவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். ஏதென்ஸ் கலைப் பள்ளியில் படித்து, தீனோஸ் மாதா கோயில் அறக்கட்டளையின் உதவித்தொகையில் 1865-ல் ஜெர்மனியின் மூனிக் கலை அகாடமிக்குப் போனார். அங்கே கார்ல் ஃபோன் பிலோட்டி என்ற ஜெர்மானிய ஓவியரிடம் பயின்றார். 1872-ல் ஊர் திரும்பியும் தங்க மனம் வரவில்லை. இரண்டே ஆண்டில் மீண்டும் மூனிக். 1888-ல் படித்த அகாடமியிலேயே பேராசிரியரானார். 1901 ஜனவரியில் அந்நகரிலேயே காலமானார்.

இதுவரை பார்த்தால் அசல் அகாடமிக்காரர்தான், அதாவது பழைய பாணிக்காரர். ஆனால் 'இதோ, மணவாளன் வருகிறார்' என்று 1899-1900-ல் ஓர் ஓவியம் வரைந்தார். மத்தேயு நற்செய்தியில் பத்துக் கன்னிகைகள் உவமையில் நடுராத்திரியில் எழும் குரல் அது. படத்தின் நடுவே கிறிஸ்து. அவரைச் சுற்றி நெருப்பு நிறத்தில் ஒளி. அங்கி மடிப்பையும் விரல்களையும் தேடினால் அகப்படாது. உருவங்கள் ஒளியில் கரைந்துகொண்டிருக்கின்றன.

நான் 28 ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன். ஒரு கையை ஒழுங்காக வரைவதற்கே எத்தனை வருடப் பயிற்சி வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தேர்ச்சியை முழுவதுமாக அடைந்து, அதையே மற்றவர்களுக்குப் போதித்த மனிதர், அறுபதை நெருங்கும் வயதில் விரலையும் மடிப்பையும் விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் வரையத் துணிந்திருக்கிறார். 'ரகசியப் பள்ளி'யை நான் மதிக்கிறேன், இதை நேசிக்கிறேன். நவீன ஓவியத்தின் வாசலில் நின்றவர் என்று தயங்காமல் சொல்வேன். இந்த மணவாளன் ஓவியம் ஏதென்ஸ் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போக வாய்த்தால் தவறவிடாதீர்கள்.

சேகரிப்பவர் என்பதால் இன்னொன்று: 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்கு அளித்த சான்றிதழையும் வடிவமைத்தவர் கீசிஸ்தான். அதன் நல்ல அச்சுப்படி கிடைத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.