அரைநாள் சம்பளம் யார் கணக்கில்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 24. ஒருபாலீர்ப்பு உள்ளவன், வீட்டில் சொல்லவில்லை. எங்கள் தெருச் சுவர் ஒன்றில் திருநங்கை அக்காக்கள் நான்கு பேரையும், எங்கள் ஓட்டலில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பெரிய வானவில் ஓவியம் ஒன்றைத் தொடங்கினேன். முதல் ஞாயிறு எல்லாரும் வந்தார்கள் (அப்பா பையன்களுக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார், அது வேறு கதை). அடுத்த வாரம் பையன்கள் வரவில்லை. "எங்களோட நிக்கக் கூச்சமா?" என்று அக்காக்களுக்குக் கோபம். இவர்களை எப்படி ஒன்று சேர்ப்பது?
– பெயர் வேண்டாம், செல்லூர், மதுரை

பதில்: வேறு கதையா? தம்பி, முதலாளி மகன் கூப்பிட்டான், மறுக்க முடியாமல் வந்தார்கள், வெயிலில் நின்று பெயிண்ட் அடித்தார்கள், அதற்கு அவர்கள் கையிலிருந்தே காசும் போனது. மறுவாரம் ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்கிறாய். நான் என்றால் முதல் வாரமே வந்திருக்க மாட்டேன்.

ஓட்டல் ஆட்களுக்கு வாரம் ஒரு நாள் லீவு உண்டு என்று 1958-லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. உன் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் கல்லாக் காசில்தான் நீ படித்தாய், பிரஷ்ஷும் வாங்கினாய். அப்பாவிடம் வாயைத் திறந்தால் பேச்சு எங்கே உன் கல்யாணத்தில் போய் நிற்குமோ என்ற பயம் உனக்கு. புரிகிறது. உன் விஷயத்தை எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம், நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு அந்தப் பயத்தைச் சாக்குச் சொல்லாதே. அப்பா தவறு செய்தால் சொல்லவேண்டியது மகன்தான், பக்கத்துக் கடைக்காரரா வந்து சொல்வார்?

அப்புறம் அந்த வானவில். 2012-லேயே மதுரையில் பால்புதுமையினரின் வானவில் பேரணி நடந்தாயிற்று, அது உனக்குத் தெரிந்த அடையாளம். என்ன வரையலாம் என்று பையன்களைக் கேட்டாயா? ஒடிசாவில் மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் பெண்கள் அரிசிமாவைக் கரைத்து மண்சுவரிலும் வாசலிலும் நெற்கதிரும் லட்சுமி பாதமும் போடுவார்கள். ஜோட்டி என்று பெயர். நம் மாக்கோலம்தான், சுவர்மேலும் ஏறிக்கொள்ளும். அம்மா போடுவதைப் பார்த்து வளர்ந்த பையன் அதைக் காட்டட்டும், கோலம் தெரிந்த அக்கா பக்கத்தில் நின்று இழுக்கட்டும். பேச்சு தானாக வரும். அக்காக்களும் வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவர்கள்தானே? 2019-ல் பத்மஸ்ரீ வாங்கிய திருநங்கை, பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் இந்த ஊர்க்காரர்தான், அவரும் வீட்டை விட்டுப்போய்த்தான் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் ஆடக் கற்றார். ஊரைவிட்டு வந்தவர்களுக்குள் பேச விஷயமா இல்லை? நீ நடுவில் நின்று மைக் பிடிக்காதே, போதும்.

அதெல்லாம் பிறகு. பிடித்த காசை முதலில் திருப்பிக் கொடுக்கச் சொல். வியாபார நேரத்தில் கேட்காதே, ராத்திரி ஷட்டரை இறக்கிக் கணக்குப் பார்க்கும்போது எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்.