போட்டியில் ஆடியதில் உங்களால் மறக்க முடியாத செஸ் ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) எது?

எனக்கு பிரெஞ்சு டிஃபென்ஸ்தான். பத்தே நகர்த்தலில் ராணியைப் பறிகொடுத்தேன்.

பாண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓபன் போட்டி. கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் போனோம். "பாண்டிக்குப் போய் பிரெஞ்சா?" என்றான் கூட வந்த நண்பன். அந்தப் பேருக்கும் பாண்டிக்கும் சம்பந்தமே கிடையாது. 1834-ல் லண்டனும் பாரிஸும் கடிதம் வழியாக ஆடத் தொடங்கிய ஆட்டங்களில், லண்டன் சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ள, பாரிஸ்காரர்கள் தங்கள் சிப்பாயை இ6 கட்டத்தில் வைத்துப் பதில் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த பேர்.

மூன்றாவது சுற்று, எனக்குக் கறுப்பு. எதிரில் அறுபது வயதுக்கு மேல் ஒரு பெரியவர். இ4 இ6, டி4 டி5, இ5 சி5, சி3, குதிரை சி6, குதிரை எஃப்3, ராணி பி6. இதுவரை எனக்கு மனப்பாடம். அவர் பிஷப்பை டி3-ல் வைத்தார். நான் டி4-ல் சிப்பாயை வெட்டினேன், அவர் சி3 சிப்பாயால் திருப்பி வெட்டினார். இப்போது டி4 சிப்பாயை என் ராணியும் குதிரையும் குறிவைக்கின்றன, காவலுக்கு அவருடைய குதிரை ஒன்றுதான் தெரிகிறது. அவருடைய ராணிக்கு முன்னால் பிஷப் மறைத்துக்கொண்டு நிற்கிறதே! குதிரையால் வெட்டினேன், அவர் குதிரையால் வெட்டினார், நான் ராணியால் வெட்டினேன். அவர் அவசரமே படாமல் பிஷப்பை பி5-க்கு நகர்த்தி, "செக்" என்றார். பிஷப் விலகியதும் டி வரிசை திறந்து, அவருடைய ராணி என் ராணியைக் குறிவைத்தது. செக்கைக் கவனிக்காமல் இருக்க முடியாது. கவனித்தால் ராணி போய்விடும்.

ஆட்டத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு அவரே காய்களைத் திரும்ப அடுக்கினார். "தம்பி, சி8 பிஷப் வீட்டைவிட்டு வரவே இல்லையே. வெட்டுறதுக்கு முன்னாடி அதை டி7-ல வச்சுப் பாருங்க." வைத்துப் பார்த்தேன். பி5-ல் செக்கே இல்லை. பிரெஞ்சில் அந்த பிஷப் உதவாக்கரை என்றுதான் எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்தேன். ஒரு கட்டம் நகர்ந்தால் ராணியையே காப்பாற்றும் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து கடலூரில் அதே நிலை வந்தது. பிஷப்பை டி7-ல் வைத்தேன். எதிராளி கோட்டை கட்டினார், அதாவது ராஜாவை ஓரமாக ஒதுக்கிப் பத்திரப்படுத்தினார். அப்புறம்தான் டி4 சிப்பாயை எடுத்தேன். அவர் சிப்பாயைக் கொடுத்துவிட்டுத் தாக்குதலுக்கு வந்தார், பயங்கர நெருக்கடி. கடைசியில் டிரா. நான் வென்ற பல ஆட்டங்களைவிட அந்த அரைப் புள்ளி எனக்குப் பெரிது.