மலை இருக்கிறது, ஊர் எங்கே?

அன்புள்ள ஐயா,

ராயக்கோட்டைக்கு அருகில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'எங்கள் ஊர் அன்றும் இன்றும்' என்று ஒரு படத்தொகுப்பு செய்துவரச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் தாத்தாவின் கல்யாணப் புகைப்படத்தோடு வந்தார்கள். ஒரு பையன் மட்டும் கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்த ஓர் ஓவியத்தைக் கொண்டுவந்தான். டேனியல் என்ற ஆங்கிலேயர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வரைந்த எங்கள் மலை.

வகுப்பே ஜன்னல் பக்கம் ஓடியது. மலை அப்படியேதான் இருக்கிறது என்று பாதிப் பேர், இல்லவே இல்லை என்று மீதிப் பேர். அந்தச் சண்டை ஓய்ந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், மலை இருக்கிறது. ஊர் எங்கே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த ஓவியர் உண்மையிலேயே இங்கே வந்தாரா, கேள்விப்பட்டு வரைந்தாரா? புகைப்படம் வருவதற்கு முன் நம் ஊர்கள் எப்படி இருந்தன என்று அறிய இந்தப் படங்களை நம்பலாமா? நம்மவர் யாருமே ஊரை வரையவில்லையா?

ஓர் ஆசிரியை, ராயக்கோட்டை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். டேனியலின் ராயக்கோட்டையை நான் முதலில் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. "அட, நம் மலை" என்று வாய் பிளந்ததோடு சரி. ஊர் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

வந்தார்களா என்றால், வந்தார்கள். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆகி, பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. ராயக்கோட்டை 1791 ஜூலையிலேயே ஆங்கிலப் படையிடம் விழுந்துவிட்டது. கிருஷ்ணகிரி விழவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் ஆங்கிலத் தளபதி மேக்ஸ்வெல் இரவில் தாக்கிக் கீழே இருந்த கோட்டையைப் பிடித்தார். மலைமேல் இருந்ததைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். அந்தப் படை நடந்து தேய்ந்த பாதையில்தான் இவர்கள் பல்லக்கில் வந்தார்கள். ராயக்கோட்டை, ஓசூர், ஜகதேவி, வீரபத்திரதுர்க்கம் என்று நம் பக்கத்து இடங்கள் இவர்களுடைய அச்சுப் படங்களில் வரிசையாக இருக்கின்றன.

இவர்கள் மட்டுமல்ல. அந்தப் போர்க்காலத்தில் மைசூர் நாட்டை வரைந்தவர்கள் ஒரு கூட்டமே உண்டு: ராபர்ட் ஹோம், அலெக்சாண்டர் ஆலன், கோல்புரூக், ஜேம்ஸ் ஹன்டர். இவர்களில் ஹோம்தான் தொழில்முறை ஓவியர். மற்ற மூவரும் படை அதிகாரிகள். கோல்புரூக் பின்னாளில் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனவர். படை அதிகாரிக்கு ஓவியம் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் அது பொழுதுபோக்கு இல்லை, பாடம். உல்விச் ராணுவப் பள்ளியில் பீரங்கிப் படைக்குப் போகும் மாணவர்களுக்கு, பால் சாண்ட்பி என்ற பெயர்பெற்ற நிலக்காட்சி ஓவியரே ஆண்டுக்கணக்காக வரையக் கற்றுக்கொடுத்தார். எந்தச் சரிவில் ஏறலாம், எந்த மதிலை எங்கிருந்து அடிக்கலாம் என்று பார்த்துப் பழகிய கண், சந்தைக்கடையில் எதற்காக நிற்கப்போகிறது?

மாணவனின் கேள்விக்குப் பாதிப் பதில் இது. விதிவிலக்கு உண்டு. ஹன்டர் தெருவுக்குள்ளும் நுழைந்தவர். பெங்களூரில் அரண்மனைக்குப் போகும் தெருவை வரைந்திருக்கிறார். மனிதர் 1792இலேயே இறந்துபோனார். படங்கள் 1804, 1805 வாக்கில்தான் லண்டனில் அச்சாகின.

நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். என் பதில் கொஞ்சம் தலைகீழாக இருக்கும். இந்தப் படங்களில் தூரத்தில் இருப்பதை நம்புங்கள்; கிட்டத்தில் இருப்பதைச் சந்தேகப்படுங்கள்.

டேனியல்கள் ஒரு பெட்டியைச் சுமந்து வந்தார்கள். ஒரு பக்கம் லென்ஸ், உள்ளே கண்ணாடி. எதிரே உள்ள காட்சி பெட்டிக்குள் விரித்த தாளின்மேல் விழும். அதன் விளிம்பைப் பென்சிலால் பிடித்துக்கொண்டே போகலாம். கேமரா அப்ஸ்கூரா என்று பெயர். பிற்பாடு இந்தப் பெட்டிக்குள் தாளுக்குப் பதிலாக ஒளிபட்டால் மாறும் ரசாயனப் பூச்சை வைத்தபோதுதான் புகைப்படம் பிறந்தது. ஆக, உங்கள் மலையின் முதுகுக்கோடு கற்பனையில் வந்ததில்லை. ஜன்னலில் நின்று 'அப்படியேதான் இருக்கிறது' என்று கத்திய பாதிப் பேர் பக்கம் நான்.

கீழ்ப்பாதி வேறு கதை. இங்கே பென்சிலில் எடுத்ததை லண்டனுக்குக் கொண்டுபோய், பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துச் செப்புத்தகட்டில் அரித்து, அச்சிட்டு, மேலே கையால் வண்ணம் தீட்டினார்கள். அங்கே வாங்குபவர்களுக்குக் காட்சி என்றால் அதற்கொரு இலக்கணம் இருந்தது. முன்னால் இருண்ட நிழல், ஓரத்தில் ஒரு மரம், நடுவில் வெளிச்சம், அளவு தெரிய நாலைந்து சின்ன மனிதர்கள். மரம் இல்லாத இடத்தில் மரம் முளைக்கும். ஆடு மேய்ப்பவர் வேறு படத்திலிருந்து நடந்து வந்து இங்கே உட்காருவார். ஊர் என்பது அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருந்திருக்க வேண்டும். அதை இலக்கணம் தின்றுவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த வரிசையில் ஒரு படத்தின் படியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓவியர் நின்ற இடத்தைத் தேடி ஒரு முழுப் பகலும் அலைந்தேன். பெரிய மலையைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. எங்கிருந்து பார்த்தாலும் அது மலையாகத்தான் இருக்கிறது. வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். பெரிய மலையை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அதன் பின்னால் பாதி மறைந்து தெரிந்த ஒரு சின்னக் கரட்டில் விரலை வைத்து, இது இவ்வளவு மட்டும் தெரிய வேண்டும் என்றால் அந்தப் புளியமரத்துக்கு அப்பால் போக வேண்டும் என்றார். போனேன். கரடு மெல்ல மெல்ல மலைக்குப் பின்னால் நகர்ந்து, படத்தில் இருந்த அதே அளவில் வந்து நின்றது.

மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். ஆனால் அதுதான் நடந்தது. பிறகு குனிந்து, படத்தில் காலடியில் இருக்க வேண்டிய பாறைச் சரிவைத் தேடினேன். கண்ணுக்கு எட்டியவரை சமதளமான கேழ்வரகுக் கொல்லை.

அப்படியென்றால் புகைப்படம் வந்தபின் ஊர் கிடைத்துவிடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இங்கேயும் ராயக்கோட்டைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. சென்னை அரசு நியமித்த புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், 1858இல் 'ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்' என்றே ஒரு தொகுப்பு வெளியிட்டார். அப்போது நாமெல்லாம் சேலம் மாவட்டம். தர்மபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி 2004இல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839. பத்தொன்பதே ஆண்டுகளில் அது உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய தொகுப்பாகிவிட்டது. பெரிய நகரங்கள் பலவற்றுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் ட்ரைப்பின் படங்களிலும் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். மெழுகேற்றிய காகித நெகடிவ். ஒளிக்காக நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அசையாமல் நிற்பது மட்டும் பதியும். நடந்துபோனவர், மாட்டு வண்டி, தண்ணீர்க் குடம் சுமந்தவள் எல்லாம் காற்றில் கரைந்துவிடுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நெகடிவில் வானம் வெறும் வெளுப்பாக விழும் என்பதால், ட்ரைப் சில நெகடிவ்களில் தூரிகை எடுத்து மேகம் தீட்டியிருக்கிறார். ஓவியர் பெட்டியை வைத்துப் புகைப்படம்போல் வரைந்தார். புகைப்படக்காரர் தூரிகையை எடுத்து ஓவியம் தீட்டினார். இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க எனக்குத் தெரியவில்லை.

நம்மவர் வரையவில்லையா என்பது கடைசிக் கேள்வி. வரைந்தார்கள், ஊரைத் தவிர. மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை வண்ணத்தில் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். மல்லசந்திரத்தில் கற்திட்டைகள் என்னும் பழைய ஈமச் சின்னங்களின் உட்சுவரிலேயே ஓவியம் இருக்கிறது. அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயிலில் அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்க இதிகாசக் கதை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. வில்லும் வாளும் ஏந்திச் செத்தவன் இருக்கிறான், அவன் காத்த ஊர் இல்லை. எட்டத்தில் நின்று ஊரை ஒரு சட்டத்துக்குள் பிடிப்பது நம் பழக்கமாக இருக்கவில்லை. நாம் ஊரைச் சொல்லில் வரைந்தவர்கள். மதுரைக்காஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு மதுரையின் அங்காடியைப் பகலிலும் இரவிலும் சுற்றிவரலாம். தர்மபுரியின் பழைய பெயரான தகடூருக்கும் ஒரு நூல் இருந்தது, தகடூர் யாத்திரை. உரைகளிலும் தொகைநூல்களிலும் ஒட்டிக்கொண்ட சில பாடல்கள் தவிர முழு நூல் கிடைக்கவில்லை. இந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்கு ஆல்பம் ஆல்பமாக வரைந்து விற்றார்கள். நெசவாளியும் மனைவியும், குயவரும் மனைவியும் என்று தொழிலுக்கு ஒரு ஜோடி. ஆடையின் கரைகூடத் துல்லியமாக இருக்கும். காலடியில் தரை மட்டும் இருக்காது, அல்லது ஒரு கீற்றுப் பச்சை. டேனியல் படத்தில் மண் உண்டு, மக்கள் இல்லை. இவற்றில் மக்கள் உண்டு, மண் இல்லை.

உங்கள் பையன் கேட்ட ஊர் எங்கே இருக்கிறது என்றால், கணக்குப் புத்தகத்தில். 1792 முதல் 1799 வரை கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் பாராமகாலை அளந்து எழுதிக் குவித்தார்கள். உழுகிறவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வேர்விட்டது இங்கேதான். குடிமக்கள், விளைபொருள், நிலம், வரி என்று பகுதி பகுதியாக அந்த ஆவணங்கள் பின்னாளில் சென்னையில் அச்சாகின. தர்மபுரியில் இருந்த மன்றோ அங்கே வீடும் தோட்டமும் போட்டுக்கொண்டு, அந்தத் தோட்டத்தைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதியவர். வரி வசூலிக்க வந்தவர்கள்தான், புண்ணியத்துக்கு எழுதவில்லை. ஆனால் வரி போட வேண்டுமென்றால் கடையையும் தறியையும் எண்ணித்தானே ஆக வேண்டும். ஓவியர் விட்டதைக் கணக்கர் பிடித்தார்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். படத்தின் மேல்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, கீழ்ப்பாதியை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த வெற்றுத்தாளில் ஊரை அவர்களே வரையட்டும். பாட்டிகளிடம் கேட்டு, பழைய கிணறு எது, தக்காளி மண்டி வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது, சந்தை எந்தக் கிழமை கூடியது என்று விசாரித்து வரையட்டும். கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் என்றால் பழையபேட்டையிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒன்று கவனம்: வாட்ஸ்அப்பில் 'பழைய கிருஷ்ணகிரி' என்று இப்போது வண்ண வண்ணமாகச் சுற்றும் படங்களில் பல கம்ப்யூட்டர் செய்தவை. மலையின் முதுகுக்கோட்டைப் பாருங்கள், அதிலேயே குட்டு உடைந்துவிடும்.

இணையத்தில் தேடும்போது நம் எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது. அவர்களுக்கு ராயக்கோட்டை 'ரையகோட்டா' (Ryacotta), ஓசூர் 'ஊசூர்', கிருஷ்ணகிரி 'கிஸ்ட்னகெரி'. ஆங்கிலத்தில் இந்த உச்சரிப்புக்கு ஏற்ப எழுதித் தேடுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் சேகரிப்பில் நிறைய இருக்கின்றன.

ஓவியர் நின்ற இடத்தைப் பிள்ளைகளோடு தேடப் போனால், பெரிய மலையைப் பார்க்காமல் பின்னால் ஒளியும் கரட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் பாறை கொதிக்கும். தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போங்கள். அந்தப் பக்கம் கடை கிடையாது.

அன்புடன்