நகர, கிராமக் குழந்தைகளின் உயர வித்தியாசம் இந்தியாவில் குறைந்து வருகிறதா?

குறைகிறது. ஆனால் முழுசாகச் சந்தோஷப்பட முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2005-06இல் கிராமங்களில் சுமார் 51 சதவீதம், நகரங்களில் 40. அது 2015-16இல் 41, 31 என்றானது. 2019-21இல் 37, 30. கடைசிக் கட்டத்தைப் பாருங்கள்: கிராமம் முன்னேறியதால்தான் இடைவெளி சுருங்கியது, நகரம் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது. நகரச் சராசரிக்குள் குடிசைப் பகுதிகளும் அடக்கம்.

ஏன் உயரத்தைப் பார்க்கிறார்கள்? எடை ஒரு வயிற்றுப்போக்கிலேயே இறங்கிவிடும்; உயரம் நீண்ட நாள் சாப்பாட்டையும் நோயையும் காட்டும். அப்புறம், அளப்பதும் லேசில்லை. 2 வயதுக்குக் கீழே பலகையில் படுக்கவைத்து, முழங்காலை மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். பிள்ளை உதைத்தால் அளவு தப்பிவிடும்.